கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுத்துவிட்டதா? அவசரப்பட்டு ஃபார்மட் செய்யாதீர்கள்

நீங்கள் சொன்னதை ஒருமுறை சுருக்கிக்கொள்கிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். ரைசன் 5 5600 பிராசசர், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, லினக்ஸுக்கு உபுண்டு 24.04, பக்கத்திலேயே விண்டோஸ் 11. ஆறு மாதத்துக்கு முன் என்விடியா தளத்திலிருந்து ‘.ரன்’ கோப்பை இறக்கி டிரைவர் போட்டீர்கள், நன்றாக ஓடியது. போன வாரம் விண்டோஸில் ஒரு கேம் கேட்டதென்று பயாஸில் செக்யூர் பூட்டை (நம்பகமான கையெழுத்து உள்ளதை மட்டும் ஓடவிடுகிற பாதுகாப்பு) ஆன் செய்தீர்கள். அதே வாரம் உபுண்டுவின் மையப் பகுதியான கர்னலுக்கு அப்டேட்டும் வந்தது. அடுத்த முறை லினக்ஸுக்குள் நுழைந்தபோது கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. பழைய கர்னலில் பூட் செய்து பார்த்தீர்கள், அதிலும் அப்படியே. ஒரு வீடியோவைப் பார்த்து உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவியான ஏபிடி வழியாக என்விடியாவின் 535 பதிப்பு டிரைவரை மேலேயே போட்டீர்கள். ரீஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலத் திரை வந்தது, பயந்துபோய் ‘கண்டினியூ பூட்’ கொடுத்துவிட்டீர்கள். இப்போது பூட் செய்யும்போது ‘நோமோட்செட்’ என்ற தேர்வைப் போட்டால் 1024க்கு 768 என்ற அளவில் மங்கலாக ஏதோ தெரிகிறது, பிளெண்டர் 3டி மென்பொருளில் கார்டே காட்டவில்லை, கார்டின் நிலையைக் காட்டுகிற என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை டிரைவரோடு பேச முடியவில்லை என்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு உபுண்டுவைத் திரும்பப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். ஃபார்மட் செய்தாலும் செக்யூர் பூட் ஆன் ஆகித்தானே இருக்கும், அதே வீடியோவைப் பார்த்து அதே கோப்பை மறுபடி போட்டால் மூன்று மணி நேரம் கழித்து இதே இடத்தில்தான் நிற்பீர்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை அது.

நீங்கள் கர்னல் அப்டேட்டைத்தான் குற்றவாளி என்று நினைக்கிறீர்கள். ஆனால் ‘பழைய கர்னலிலும் கறுப்புதான்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்கு விஷயத்தைச் சொன்னது. கர்னல் மாறியது மட்டும் காரணமாக இருந்தால் பழைய கர்னலில் பழையபடி ஓடியிருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கென்று கட்டிய (கம்பைல் செய்த) டிரைவர் மாட்யூல், அதாவது கர்னலோடு இணைகிற டிரைவர் கோப்பு, இன்னும் அதன் அடைவிலேயே கிடக்கிறது. அதிலும் ஓடவில்லை என்றால் இரண்டு கர்னலுக்கும் பொதுவாக எது மாறியது என்று பார்க்க வேண்டும். செக்யூர் பூட் மாறியது. செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத எந்த மாட்யூலையும் உபுண்டு கர்னல் உள்ளே விடாது. அப்போது செக்யூர் பூட் ஆஃப் ஆக இருந்த மெஷினில் ‘.ரன்’ கோப்பு கட்டிய மாட்யூலுக்குக் கையெழுத்து இருக்க வாய்ப்பில்லை.

சரி, அப்படியென்றால் நூவோ எங்கே போனது? அதுதான் கர்னலோடு 2010லிருந்து வருகிற திறந்த மூல டிரைவர், என்விடியா இல்லாவிட்டாலும் அது திரையைக் காட்டியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். ‘.ரன்’ நிறுவி தன் வேலையைத் தொடங்கும் முன் நூவோவைத் தடுப்புப் பட்டியலில் போட்டுவிடும், இரண்டும் ஒரே கார்டைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதற்காக. ஆகவே உங்கள் மெஷினில் என்விடியாவை உள்ளே விடவில்லை, நூவோவைக் கூப்பிடவே இல்லை. உங்கள் 5600இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸும் கிடையாது. திரையை ஒழுங்காக நடத்த ஆளே இல்லை, அதனால்தான் கறுப்பு.

இது என் ஊகம் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கறுப்புத் திரையில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் வருகிற லாகின் வரும். அதுவும் வராவிட்டால் நோமோட்செட்டோடு உள்ளே போங்கள். கட்டளைகளை உச்சரிப்பில்தான் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்’. செக்யூர் பூட் எனேபிள்டு என்று வரும். அடுத்து ‘மோட்இன்ஃபோ என்விடியா’. இந்தக் கட்டளையைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள், எனக்கோ இதுதான் நாடி பார்க்கிற இடம். மாட்யூலே கிடைக்கவில்லை என்று சொன்னால், இப்போது ஓடுகிற கர்னலுக்கு மாட்யூல் கட்டப்படவே இல்லை. மாட்யூல் கட்டத் தேவையான ஹெடர் கோப்புகள் இல்லையா, கம்பைலர் பிழையா என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். விவரம் எல்லாம் வரிசையாக வந்தால் மாட்யூல் இருக்கிறது. அப்புறம் ‘எல்எஸ்மோட்’ அடித்து அந்தப் பட்டியலில் என்விடியா இருக்கிறதா பாருங்கள். கோப்பாக இருந்தும் பட்டியலில் இல்லை என்றால் கர்னல் அதை ஏற்க மறுத்திருக்கிறது. பட்டியலிலும் இருந்து என்விடியா-எஸ்எம்ஐ மட்டும் முரண்டு பிடித்தால் அது வேறு வியாதி, பெரும்பாலும் பதிப்புப் பொருந்தாமை. கட்டவில்லையா, கட்டியும் உள்ளே விடவில்லையா, உள்ளே போயும் பேசவில்லையா, இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எதையும் நிறுவாதீர்கள், நீக்கவும் செய்யாதீர்கள்.

உங்களுக்கு நடுவில் உள்ளதுதான் வரும் என்று நினைக்கிறேன். ‘சுடோ மோட்புரோப் என்விடியா’ என்று கையால் ஏற்றிப் பாருங்கள். ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று ஒரு வரி வந்தால் வழக்கு முடிந்தது. கையெழுத்துச் சாவியை உங்கள் மெஷின் அங்கீகரிக்கவில்லை என்று அர்த்தம், வேறு ஒன்றுமில்லை. கார்டு கெடவில்லை, உபுண்டு கெடவில்லை.

கர்னலின் பதிவுகளைக் காட்டுகிற டிஎம்இஎஸ்ஜி கட்டளையில் கர்னல் ‘டெயிண்ட்’ ஆகிவிட்டது என்று ஒரு வரி பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கர்னலுக்கு வெளியிலிருந்து வந்த மாட்யூல் எதை ஏற்றினாலும் அப்படி எழுதும், நன்றாக ஓடுகிற மெஷினிலும் அந்த வரி இருக்கும். அதைத் தேடிக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த நீலத் திரை. அது வைரஸ் இல்லை, விண்டோஸ் பிழையும் இல்லை. நீங்கள் ஏபிடி வழியாக 535 போட்டபோது உபுண்டு உங்கள் மெஷினுக்கென்று ஒரு சாவி உருவாக்கி, டிகேஎம்எஸ் (கர்னலுக்கேற்ப மாட்யூலை உங்கள் மெஷினிலேயே கட்டுகிற கருவி) கட்டிய மாட்யூலில் அதை வைத்துக் கையெழுத்துப் போட்டது. நடுவில் ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும், எட்டு எழுத்துக்குக் குறையாமல். அந்தச் சாவியை மெஷினின் நம்பகப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றால் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதர் சம்மதம் சொல்ல வேண்டும், ஓடிக்கொண்டிருக்கிற லினக்ஸுக்கு அந்த அதிகாரம் கிடையாது. அதனால்தான் லினக்ஸ் தொடங்கும் முன்பே அந்தத் திரை வருகிறது. ஏதாவது விசையை அழுத்து என்று பத்து வினாடி எண்ணும். அதற்குள் அழுத்தாவிட்டால் பேசாமல் பூட் ஆகிவிடும், மறுபடி தானாக வராது. அழுத்தினால் ஒரு பட்டியல், அதில் முதலில் நிற்பது ‘கண்டினியூ பூட்’. பதற்றத்தில் எண்டர் தட்டினால் போயிற்று, நீங்கள் செய்தது அதுதான். கீழ் அம்பை ஒருமுறை அழுத்தி ‘என்ரோல் மோக்’ (மோக் என்பது அந்தச் சாவிதான்) எடுக்க வேண்டும், அடுத்து ‘கண்டினியூ’, சாவியைச் சேர்க்கவா என்றதற்கு ‘யெஸ்’, பிறகு அந்தக் கடவுச்சொல், கடைசியில் ரீபூட். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் புள்ளிகூட விழாது, நிதானமாக அடியுங்கள். விசைப்பலகை அங்கே அமெரிக்க அமைப்பில்தான் இருக்கும், ஆகவே கடவுச்சொல்லில் விசேஷக் குறிகள் எதுவும் வைக்காமல் எளிய எழுத்தும் எண்ணுமாக வைத்துக்கொள்வது நல்லது.

இந்த நீலத் திரையை இப்போதே மறுபடி வரவழைத்து, சாவியைச் சேர்த்து வேலையை முடித்துவிடலாமே என்று தோன்றும். உங்கள் விஷயத்தில் நான் அப்படிச் செய்ய மாட்டேன், ஏனென்றால் அடியில் ‘.ரன்’ கோப்பு போட்ட நூலகங்கள் (லைப்ரரி கோப்புகள்), மேலே ஏபிடி போட்ட நூலகங்கள் என்று இரண்டு டிரைவரும் கலந்து கிடக்கின்றன. ஒன்றைப் பற்றி மற்றொன்றுக்குத் தெரியாது. ‘.ரன்’ நிறுவி தன் கோப்புகளை நேராக அடைவுகளில் எழுதிவிடும், ஏபிடியின் கணக்கில் அவை இருக்காது. இன்று சாவியைச் சேர்த்து ஓட வைத்தாலும் அடுத்த அப்டேட்டில் நூலகம் ஒரு பதிப்பு, மாட்யூல் ஒரு பதிப்பு என்று ஆகி வேறு ஒரு பிழை வரும். ஒரே உறையில் இரண்டு கத்தி வைக்க முடியாது. டிரைவர் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் வர வேண்டும், உபுண்டுவில் அந்த இடம் உபுண்டுவின் களஞ்சியம்தான். என்விடியா தளத்தில் இருப்பது புதிய பதிப்பாக இருக்கலாம், அதற்காக அதை எடுக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், பதினைந்து வருடமாக மற்றவர்களின் கறுப்புத் திரைகளைத் திறந்து பார்த்ததில் பாதிக்கு மேல் இந்தக் கலப்படம்தான்.

ஆகவே முதலில் சுத்தம். ‘சுடோ என்விடியா-அன்இன்ஸ்டால்’ அடியுங்கள், ‘.ரன்’ நிறுவியின் நீக்கி அதுதான். முதலில் இதைச் செய்துவிட்டுப் பிறகுதான் ஏபிடி பக்கம் போக வேண்டும், வரிசை மாறினால் மிச்சம் தங்கிவிடும். அப்புறம் ‘சுடோ ஏபிடி பர்ஜ்’ போட்டு, ‘என்விடியா-’ என்று தொடங்குபவையும் ‘லிப்என்விடியா-’ என்று தொடங்குபவையும் போக வேண்டும். தட்டுவதற்கு முன் எதையெல்லாம் நீக்கப்போகிறேன் என்று அது காட்டுகிற பட்டியலைப் படியுங்கள், ‘கூடா’ கருவிகளை (என்விடியா கார்டில் கணக்கீடு செய்ய உதவுபவை) ஏபிடி வழியாகப் போட்டிருந்தால் அவையும் சேர்ந்து போகலாம். பிறகு /இடிசி/எக்ஸ்11 அடைவில் ‘எக்ஸ்ஆர்க்.கான்ஃப்’ என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள். ‘.ரன்’ நிறுவி கடைசியில் ஒரு கேள்வி கேட்கும், அதற்கு ஆம் என்றால் இந்தக் கோப்பு உருவாகும், டிரைவர் போன பிறகும் என்விடியாதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். இருந்தால் பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள். /இடிசி/மோட்புரோப்.டி அடைவில் நூவோவைத் தடுக்கிற கோப்பு மிச்சமிருந்தால் அதையும் நீக்கிவிட்டு, பூட் தொடக்கக் கோப்பான இனிட்ராம்எஃப்எஸைப் புதுப்பிக்க ‘சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’ கொடுங்கள். இப்போது ரீஸ்டார்ட் செய்தால் நூவோ திரையைக் காட்ட வேண்டும், சாதாரண அளவில், நோமோட்செட் இல்லாமல். இது முக்கியமான இடம். கார்டு, கேபிள், மானிட்டர் எல்லாம் நல்லபடி இருக்கின்றன என்று இங்கேயே தெரிந்துவிடும்.

நோமோட்செட்டை நீங்கள் எங்கே போட்டீர்கள் என்று எழுதவில்லை. பூட் ஆகும்போது வருகிற கிரப் பட்டியலில் ‘இ’ விசை தட்டி அந்த ஒரு முறைக்கு மட்டும் சேர்த்திருந்தால் பரவாயில்லை, தானாகப் போய்விடும். வீடியோக்களில் /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பிலேயே எழுதச் சொல்கிறார்கள், அங்கே எழுதியிருந்தால் அழித்துவிட்டு ‘சுடோ அப்டேட்-கிரப்’ கொடுங்கள். அது உள்ளே நுழைவதற்கான பின்வாசல் மட்டும்தான். நிரந்தரமாக விட்டால் திறந்த மூல டிரைவர்கள் தங்கள் வேலையைச் செய்ய முடியாது; இன்டெல் உள்ளமைந்த லேப்டாப்பில் நோமோட்செட்டை மறந்துவிட்டவர்கள் திரை மங்கலுக்கு மாதக்கணக்கில் என்விடியாவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

சுத்தமான பிறகு நிறுவுவது சின்ன வேலை. ‘சுடோ ஏபிடி அப்டேட்’, பிறகு ‘உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்’ அடித்தால் உங்கள் கார்டுக்குப் பொருந்துகிற பதிப்புகள் வரும், ஒன்றின் பக்கத்தில் ‘ரெகமெண்டட்’ என்று இருக்கும். பெயர் ‘சர்வர்’ என்று முடிபவை டேட்டா சென்டர்களுக்கானவை, விட்டுவிடுங்கள். ‘ஓப்பன்’ என்று முடிபவையும் இருக்கும், 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் மாட்யூலின் மூலநிரலைத் திறந்துவிட்டதிலிருந்து வருபவை அவை. டூரிங் தலைமுறையிலிருந்து, அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து மேலே எல்லாவற்றுக்கும் ஓடும், உங்கள் 3060க்கு இரண்டும் ஓடும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓப்பன்தான் கட்டாயம், அவர்கள் மற்றதைப் போட்டால் மாட்யூல் ஏறும், ஆனால் கார்டே இல்லை என்று என்விடியா-எஸ்எம்ஐ சொல்லும்.

‘சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்’ கொடுங்கள். பதிப்பு எண்ணைச் சொல்லி நேராக ஏபிடியில் போடுவதைவிட இது ஏன் நல்லது என்றால், உபுண்டுவை வெளியிடுகிற கேனானிக்கல் முன்பே கட்டித் தன் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிற மாட்யூல் உங்கள் கர்னலுக்கு இருந்தால் இது அதைத்தான் எடுக்கும். அந்தச் சாவியை உங்கள் மெஷின் ஏற்கெனவே நம்புகிறது, ஆகவே நீலத் திரையே வராது, செக்யூர் பூட்டும் ஆன் ஆகவே இருக்கலாம், உங்கள் கேமும் ஓடும். நிறுவிய பிறகு ‘மோட்இன்ஃபோ -எஃப் சைனர் என்விடியா’ அடித்தால் யார் கையெழுத்து என்று காட்டும். கேனானிக்கல் பெயர் வந்தால் நிம்மதி. உங்கள் கம்ப்யூட்டரின் பெயரோடு செக்யூர் பூட் சாவி என்று வந்தால் டிகேஎம்எஸ் கட்டியது என்று அர்த்தம், அப்போது நீலத் திரை வரும், மேலே சொன்னபடி சேருங்கள். இந்த முறையும் தவறவிட்டுவிட்டால் ‘சுடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ’ கொடுத்து அதை மறுபடி வரவழைக்கலாம்.

செக்யூர் பூட்டை ஆஃப் செய்துவிட்டால் ஒரே நொடியில் தீர்ந்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், தீரும். ஆனால் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் இருந்தால் அதை மாற்றியதும் மீட்புச் சாவி கேட்கலாம், அந்த 48 இலக்க எண் கையில் இல்லாதவர் விண்டோஸ் பக்கத்தையும் இழந்து நிற்பார். தொடுவதற்கு முன் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிகேஎம்எஸ் கட்டும்போதே பிழை வந்தால் எங்கே பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், 24.04 தொடங்கியபோது கர்னல் 6.8, பிறகு 6.11, 6.14 என்று மேலே போய்க்கொண்டிருக்கிறது, பழைய டிரைவர் பதிப்புகள் புதிய கர்னலில் கட்டாமல் போவது நடக்கும். /வார்/லிப்/டிகேஎம்எஸ்/என்விடியா அடைவுக்குள் பதிப்பு எண், அதற்குள் ‘பில்டு’, அதற்குள் ‘மேக்.லாக்’. 2024 தொடக்கத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அலுவலகத்தில் 22.04 ஓடிக்கொண்டிருந்த மூன்று மெஷின்கள், இரவில் கர்னல் 6.5க்கு ஏறின, காலையில் மூன்றிலும் டிரைவர் இல்லை. ஹெடர்கள் எல்லாம் இருந்தன. நான் லாக்கின் கடைசிப் பத்து வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், அங்கே ‘மேக்’ தோற்றுவிட்டது என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. மதியத்துக்கு மேல்தான் மேலே போய் முதல் பிழையைத் தேடினேன். ஜிசிசி கம்பைலர் ஏதோ ஒரு விருப்பத் தேர்வைத் தனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தது, ‘ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்’ என்று. அந்தக் கர்னலை ஜிசிசி 12 கொண்டு கட்டியிருக்கிறார்கள், 22.04இல் இருப்பதோ 11. ஜிசிசி 12 பேக்கேஜை ஏபிடியில் போட்டு, ‘டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்’ கொடுத்து, பத்து நிமிடத்தில் மூன்றும் எழுந்துவிட்டன.

இன்னொரு காரணம், யாரும் நினைத்துப் பார்க்காதது: /பூட் தனிப் பகிர்வாக இருந்து அது நிரம்பியிருப்பது. இடம் இல்லாததால் புதிய கர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நின்றுபோகும், அப்டேட் முடிந்தது போலவே தோன்றும். ‘டிஎஃப் -எச் /பூட்’ அடித்து ஒருமுறை பாருங்கள், நூறு சதவீதம் என்றால் ‘சுடோ ஏபிடி ஆட்டோரிமூவ்’ பழைய கர்னல்களை எடுத்துவிடும்.

கார்டு பழையது என்றால் கதை வேறு. ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையின் கெப்ளர் கார்டுகளுக்கு 470தான் கடைசி வரிசை, அதற்கும் முந்தைய ஃபெர்மிக்கு 390. 900, 1000 வரிசைகளுக்கு 580 கடைசி. இவற்றுக்கு மேலுள்ள பதிப்பை எவ்வளவு சரியாகப் போட்டாலும் கார்டைத் தெரியாது என்றுதான் சொல்லும். ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்கள் திரைக்காக டிரைவர் எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை, கர்னலிலும் மெஸா என்ற திறந்த மூல கிராஃபிக்ஸ் நூலகத்திலும் எல்லாம் இருக்கிறது. பிரச்சினை என்றால் ஃபர்ம்வேர் பேக்கேஜ் பழையதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் என்விடியா-எஸ்எம்ஐ அடித்தால் கட்டம் போட்ட அட்டவணை வரும், கார்டின் பெயர், வெப்பநிலை, 12 ஜிபி நினைவகம் எல்லாம் இருக்கும். வலது மேல் மூலையில் ‘கூடா’ பதிப்பு என்று ஒரு எண் காட்டும். அது இந்த டிரைவர் தாங்குகிற உச்ச பதிப்புதான், உங்கள் மெஷினில் கூடா நிறுவப்பட்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. பிளெண்டரில் பிரிஃபரன்சஸ், சிஸ்டம் போய் ‘ஆப்டிக்ஸ்’ தேர்ந்தெடுத்து கார்டின் பக்கத்தில் டிக் போடுங்கள். பிறகு எப்போதாவது டிரைவர் அப்டேட் ஆன உடனேயே ‘டிரைவர், லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று வந்தால் எதையும் நோண்டாதீர்கள், நூலகம் புதியதாகிவிட்டது, நினைவகத்தில் ஓடுகிற மாட்யூல் இன்னும் பழையது. ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

இதற்குப் பிறகும் வரவில்லை என்றால் மூன்றை மட்டும் அனுப்புங்கள்: ‘யுநேம் -ஆர்’ காட்டுகிற கர்னல் எண், ‘மோட்புரோப்’ கொடுத்தபோது வந்த வரி அப்படியே, மேக்.லாக் இருந்தால் அதில் ‘எரர்’ என்று முதலில் வருகிற இடத்திலிருந்து இருபது வரி. போனில் படம் எடுத்து அனுப்பினாலும் சரி, எழுத்து தெளிவாகத் தெரிந்தால் போதும்.